வலிக்கு ஹாரன் பேசி வைக்கவில்லை

எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் அம்மா "நூறு" என்பாள். இரண்டாவது தும்மலுக்கு "இருநூறு". தும்மியவருக்கு அத்தனை வயசு ஆயுசு கிடைக்கட்டும் என்று அர்த்தம். மூன்றாவதும் வந்துவிட்டால் "போதும், போய் மூக்கைச் சிந்து" என்று முடித்துக்கொள்வாள். எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. நான் பஸ் கண்டக்டர். விடிந்தும் விடியாமலும் முதல் ட்ரிப்பில் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிற ஆட்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன். வீட்டுக்கு வந்தும் நூறு, இருநூறு என்று காதில் விழுந்தால் எரிச்சல் வருமா வராதா?

போன மார்கழியில் அந்தச் சொல் எங்கள் வீட்டில் நின்றுபோனது. யாராவது தும்மினால் நூறு சொல்ல ஆள் இல்லை, ஆளாளுக்கு எழுந்து ஓடினோம். அந்தக் கதையைத்தான் இப்போது பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். "என்னப்பா, ஆஸ்பத்திரியில கெடந்தியாமே, என்ன செஞ்சுச்சு?" டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே எத்தனை பேருக்குத்தான் சொல்வது? மூச்சு இப்போதுதான் முழுசாகத் திரும்பியிருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

என் தங்கை செல்வி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அந்த ஆறு வருஷத்தில் அவள் கேட்ட பேச்சை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது, விட்டுவிடுகிறேன். அவளைச் செக்கப்புக்குக் கூட்டிப்போனபோது பிரசவ டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். பனிக்காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் சுற்றும். மற்றவர்களை ஒரு வாரம் படுக்கப்போட்டுவிட்டுப் போய்விடும். மாசமாக இருப்பவளுக்கு வந்தால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும், தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. செல்விக்கு அங்கேயே தடுப்பூசி போட்டார். வீட்டில் இருக்கிற எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பிறந்த பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகும்வரை இந்த ஊசி போட முடியாதாம். அதுவரை சுற்றியிருக்கிறவர்கள்தான் அதற்கு வேலி என்றார்.

வேலி என்ற சொல் என் தலைக்கு ஏறிவிட்டது. மறுநாளே வாசலில் ஒரு டிரம் தண்ணீரும் சோப்பும் வைத்தேன். பால்காரர் முதல் கேபிள்காரர் வரை கை கழுவாமல் படியேறக் கூடாது. இருமுகிறவர்கள் கேட்டோடு நின்று பேசிவிட்டுப் போக வேண்டும். அம்மாவின் கூடப்பிறந்த மாமா, மிக்சர் பொட்டலத்தோடு வந்தவர், கேட்டருகே ஒரே ஒரு தும்மல் போட்டார். மிக்சரை மட்டும் வாங்கிக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்பினேன். அவர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் மனைவி தனம், "பிள்ளைத்தாச்சிக்குக் காவல் இருங்கன்னா கலெக்டர் மாதிரி உத்தரவு போடுறீக" என்றாள். அம்மாவையும் தனத்தையும் கையோடு கூட்டிப்போய் ஊசி போட வைத்தேன். எனக்கு மட்டும் இன்றைக்கு டூட்டி, நாளைக்கு டூட்டி என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒரு சனிக்கிழமை போட்டுக்கொண்டேன்.

எங்கள் பஸ் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கும் அழகர்கோவிலுக்கும் இடையில் ஓடுகிற தனியார் வண்டி. மார்கழியில் காலை ட்ரிப்பில் பூக்கூடைகள் ஏறும். அடுத்த ட்ரிப்பில் மலைக்கு மேலே தீர்த்தமாடிவிட்டு ஈரத்தலையோடு இறங்குகிற பக்தர்கள் ஏறுவார்கள். பனிக்கு ஜன்னலை எல்லாம் சாத்திவிடுவார்கள். உள்ளே எழுபது பேர், எழுபது இருமல். மாஸ்க் போட்டுக்கொண்டுதான் நின்றேன். விசில் ஊத மட்டும் இறக்குவேன்.

ஊசி போட்ட மூன்றாம் நாள் சாயங்காலம் தும்மல் பிடித்தது. உடம்பை அடித்துப்போட்டது போல வலி. வீட்டுக்குப் போகவே இல்லை. எங்கள் பஸ் டிரைவர் கருப்பையா அண்ணன் மாட்டுத்தாவணி பக்கம் குடியிருக்கிறார். அவர் வீட்டு மாடி அறையில் படுத்துக்கொண்டேன். அம்மா போனில் ஊசி போட்டதால்தான் காய்ச்சல் வந்தது என்று ஊசி போட்டவரைத் திட்டித் தீர்த்தாள். இரண்டு நாள் காய்ச்சல் விடுகிறதும் வருகிறதுமாக இருந்தது. கொஞ்சம் தேவலை போலத் தெரிந்த அன்று, ஆள் பற்றாக்குறை என்று முதலாளி கூப்பிட்டார். வர முடியாது என்று கருப்பையா அண்ணனிடம் சொல்லி அனுப்ப எழுந்து மாடிப்படி இறங்கினேன். நாலு படி இறங்குவதற்குள் மூச்சு முட்டியது. விளையாட்டாகச் சட்டைப்பையில் இருந்த விசிலை எடுத்து ஊதிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. கருப்பையா அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

அழகர்கோவில் ரோட்டிலேயே ஒரு ஆஸ்பத்திரி. எத்தனையோ தடவை அதன் பெயரைக் கூவி ஆள் இறக்கியிருக்கிறேன், உள்ளே போனது அன்றுதான். விரலில் துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். ரத்தத்தில் காற்று எவ்வளவு கலந்திருக்கிறது என்று அது சொல்லுமாம். அதில் தெரிந்த எண்ணைப் பார்த்ததும் சிஸ்டர் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னார். மூக்குக்குள் நீளமான பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தார்கள், மூளைக்கே போய்த் தொட்டது மாதிரி இருந்தது. அப்புறம் எக்ஸ்ரே. அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் அடிப்பக்கம் பஞ்சு அடைத்தது போல வெள்ளையாக இருந்தது. ஃப்ளூ காய்ச்சல், அது நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகியிருக்கிறது, நுரையீரலில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் சளியும் நீரும் கட்டியிருக்கிறது என்றார். வைரஸ் பெருகாமல் இருக்க ஒரு மாத்திரை, கிருமிக்கு ஊசி, மூக்கில் ஆக்சிஜன் குழாய். தடுப்பூசியால்தான் வந்ததா என்று, சேதி கேட்டு ஓடிவந்திருந்த தனம் கேட்டாள். தடுப்பூசி காய்ச்சலைக் கொண்டுவராதும்மா, அது வேலை செய்யவே ரெண்டு வாரம் ஆகும், இவர் அதுக்கு முன்னாடியே வாங்கிட்டு வந்துட்டார் என்றார் டாக்டரம்மா.

எங்கே வாங்கினேன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மாஸ்க் போட்டேன், கை கழுவினேன், மாமாவையே விரட்டினேன். மறுநாள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கட்டிலருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வேலை என்ன சொன்னீங்க?"

"கண்டக்டர்மா."

"டிக்கெட்டையும் இப்படித்தான் கிழிப்பீங்களா?"

அப்போதுதான் என் விரலைப் பார்த்தேன். ஆட்காட்டி விரல் நாக்கில் இருந்தது. எச்சில் தொட்டுத்தான் பக்கத்தைப் புரட்டுகிறேன், எச்சில் தொட்டுத்தான் டிக்கெட் கிழிக்கிறேன், எச்சில் தொட்டுத்தான் நோட்டு எண்ணுகிறேன். மாஸ்க்கை இறக்கி, ஊரில் உள்ளவன் இருமிய நோட்டை எல்லாம் எண்ணி, அந்த விரலை நக்கியிருக்கிறேன். பதினெட்டு வருஷப் பழக்கம், விரல் தானாகப் போகிறது. தனம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்ததில் இருமல் வந்தது.

இருமி முடித்ததும் ஒன்றைக் கேட்டேன். தும்மல் வந்த அன்றைக்கே வீட்டுக்குப் போகாமல் ஒதுங்கிவிட்டேன், அதனால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாதே? இந்தக் காய்ச்சல் தும்மல் தெரிவதற்கு முந்தின நாளே அடுத்தவருக்குப் பரவ ஆரம்பித்துவிடும் என்றார் டாக்டரம்மா. முந்தின நாள் சாயங்காலம் செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து மாதுளம்பழம் உரித்து, முத்து முத்தாக எடுத்து அவள் கையில் போட்டவன் நான். அதே விரலால்.

டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் அப்போதே செல்வியின் டாக்டரோடு போனில் பேசினார். வராமல் தடுக்க அதே மாத்திரையைக் குறைந்த அளவில் செல்விக்கும் கொடுத்தார்கள். ஏற்கெனவே ஊசி போட்டிருக்கிறாள், பயப்படாதீர்கள், இன்னும் சில நாள் காய்ச்சல் வராமல் இருந்தால் தப்பித்துவிட்டாள் என்று அர்த்தம் என்றார். அந்தச் சில நாளைத்தான் நான் தாண்ட வேண்டியிருந்தது. என் மூச்சைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. சத்தியமாக இல்லை. செல்விக்குக் காய்ச்சல் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அரை மணிக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போன் போட்டேன். பேசினால் இருமல், இருமினால் கிளிப்பில் எண் இறங்கும், இறங்கினால் மெஷின் கத்தும். தனம் போனைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். "நல்லாருக்கா, நல்லாருக்கா" என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் தனத்தை நம்ப முடியாது. நான் பயந்துவிடக் கூடாது என்றால் கூசாமல் பொய் சொல்வாள். என் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு ஆபரேஷன் நடந்தபோது பல் பிடுங்கப் போயிருக்கிறார் என்று சொன்னவள்.

பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் கருப்பையா அண்ணன். தினமும் முதல் ட்ரிப்பில் எங்கள் ஊர் நிறுத்தத்தில் அம்மாவிடம் சாப்பாட்டு கேரியரை வாங்கி, திரும்புகிற வழியில் ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்தக் கேரியரில் அம்மாவின் மிளகு ரசம் இருக்கும், கூடவே யார் யாரோ கொடுத்துவிட்டதும் இருக்கும். பூக்கூடைக்காரப் பெண் ஒருத்தி கொய்யாப்பழம் வைத்துவிடுவாள், அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. கருப்பையா அண்ணன் ஒருநாள் மாஸ்க் போட்டுக்கொண்டு என் கட்டில்வரை வந்தார். நான் குழாயை ஒதுக்கிக்கொண்டு ரகசியமாகப் பேசி முடித்தேன். என் கட்டில் மூன்றாம் மாடியில் ரோட்டுப் பக்க ஜன்னலை ஒட்டி இருந்தது. அவர் நிறுத்தத்தை ஒட்டியிருக்கிற எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று செல்வியைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். காய்ச்சல் இல்லையென்றால் இந்த இடத்தில் ஒரு நீள ஹாரன். காய்ச்சல் என்றால் இரண்டு குட்டை ஹாரன். "சரி மாப்ள" என்றார்.

மறுநாள் காலையில் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தூரத்தில் எங்கள் வண்டியின் கியர் சத்தம் கேட்டது. நூறு வண்டி போனாலும் அந்த இரண்டாவது கியரின் உறுமல் எனக்குத் தெரியும். ஜன்னலுக்குக் கீழே வந்ததும், பாம்... என்று ஒன்று. நான் இட்லியை வாயில் போட்டேன். அப்புறம் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒன்று. வார்டில் இருந்தவர்களுக்கு முதலில் எரிச்சல், விஷயம் தெரிந்ததும் அவர்களும் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்க்கட்டில் பெரியவர், மேலூர் பக்கம் ரேஷன் கடையில் இருந்தவர், ஹாரன் கேட்டதும் எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். எரிச்சல் தீராதவர் ஜெயசீலி சிஸ்டர் மட்டும்தான். பசுமலைக்காரர், குரலே பெல் அடிச்ச மாதிரி இருக்கும். வாசலில் ஹாரன் அடிக்காதீர் என்று போர்டு வைத்திருப்பது யாருக்கு, அந்த டிரைவரை நான் ஒருநாள் இறங்கிப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஊசி போடுவார். நான் யாரோ எவரோ என்பது போல விட்டத்தைப் பார்ப்பேன்.

காய்ச்சல் விட்டது. ஆக்சிஜனைக் குறைத்தார்கள். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து, குழாயில் மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும், சுருங்கிக் கிடக்கிற நுரையீரல் அதில் விரியும் என்றார்கள். எனக்கு ஒரு பந்துதான் ஏறியது. தனம் புதிதாக ஒன்று வாங்கி இழுத்துப் பார்த்தாள், மூன்றும் துள்ளி ஏறின. "என்னங்க, இம்புட்டுத்தானா?" என்று கேட்டாளே பார்க்கலாம். அந்த ரோஷத்திலேயே எனக்கு இரண்டாவது பந்து ஏறியது.

டாக்டரம்மா சொன்ன கெடு முடிய ஒரு நாள் இருந்தது. அன்று காலை எங்கள் வண்டி வந்தது. கியர் சத்தம் கேட்டது. எதிர்க்கட்டில் பெரியவர் கட்டைவிரலைத் தயாராக வைத்திருந்தார். வண்டி ஜன்னலைத் தாண்டிப் போய்விட்டது. ஒன்றும் இல்லை. ஒரு நீளமும் இல்லை, இரண்டு குட்டையும் இல்லை. பெரியவர் விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

தனம் கீழே கேரியர் வாங்கப் போயிருந்தாள். எழுந்து ஜன்னலைப் பிடித்தேன், கிளிப் கழன்று மெஷின் அலறியது. ஜெயசீலி சிஸ்டர் ஓடிவந்து என்னைப் பிடித்து உட்காரவைத்தார். ஹாரனை நீங்கள் நிறுத்தச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். நிறுத்தச் சொல்லவில்லை என்றார். அந்தப் பதில் வருவதற்குள், அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று சாமியை எல்லாம் வேண்டியிருந்தேன். என் குரல் போன போக்கில் விஷயம் முழுவதையும் அவரிடம் கொட்டிவிட்டேன், மாதுளம்பழம் வரைக்கும். சிஸ்டர் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். தனம் மேலே வந்தாள். கையில் கேரியர் இல்லை. வாட்ச்மேனிடம் இன்றைக்கு எதுவும் வரவில்லையாம்.

சிஸ்டரே தனத்தின் போனை வாங்கி, கருப்பையா அண்ணனைக் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். அவர் அதற்குள் மாட்டுத்தாவணி போய் வண்டியை நிறுத்தியிருந்தார்.

"அண்ணே, ஏன் ஹாரன் அடிக்கல?" என்றேன். அதற்கே மூச்சு வாங்கியது.

"மாப்ள, காய்ச்சல் இல்லைன்னா ஒண்ணு, இருந்தா ரெண்டு. வலி வந்தா எம்புட்டுன்னு நீ சொல்லவே இல்லையேப்பா."

"யாருக்கு வலி?"

"செல்விக்குத்தான். விடியக்காலையே காருல கூட்டிப் போயிட்டாக. காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணுமில்ல, உங்கம்மா நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுத்தான் ஏத்துச்சாம். ஒண்ணு அடிக்கவா, ரெண்டு அடிக்கவான்னு ரோசிச்சுக்கிட்டே வந்தேன், அதுக்குள்ள ஆஸ்பத்திரி தாண்டிருச்சு."

முதலில் சிரித்தது ஜெயசீலி சிஸ்டர்தான். அப்புறம் வார்டே சிரித்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று தனத்தைத்தான் கேட்க வேண்டும். தங்கச்சிக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கட்டும் என்று சிஸ்டர் கட்டிலருகே நின்று கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். எதிர்க்கட்டில் பெரியவர் அழகரைக் கூப்பிட்டார். அன்று பகல் முழுவதும் தனம் போனை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். ஆனால் அது அடிக்கவே இல்லை. பிரசவ அறை வாசலில் நிற்கிற எங்கள் அம்மாவுக்கும் செல்வியின் வீட்டுக்காரருக்கும் என்னைக் கூப்பிட நேரமேது?

சாயங்கால ட்ரிப் வந்தது. திருப்பத்தில் ஆரம்பித்த ஹாரன். ஜன்னலுக்குக் கீழே வந்தும் நிற்கவில்லை, தாண்டியும் நிற்கவில்லை. கருப்பையா அண்ணன் கையை எடுக்கவே இல்லை. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டிக்கொண்டு போனார்கள். விஷயம் தெரிந்துதான் கையாட்டினார்களா, கூட்டத்தோடு கூட்டமாக ஆட்டினார்களா, தெரியாது. எங்கள் ஊர் நிறுத்தம் வரைக்கும் போய்விட்ட சேதிக்கு அப்புறம்தான் என் போன் அடித்தது. அம்மா. பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், போர்டைக் காட்டித் திட்டுகிற ஜெயசீலி சிஸ்டர் ஜன்னலில் நின்று பஸ்ஸுக்குக் கையாட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு நாளில் என்னை வீட்டுக்கு விட்டார்கள். பில்லைத் தனம் என் கண்ணில் காட்டவில்லை. பார்த்தால் மறுபடியும் மூச்சு வாங்கும், திரும்பவும் படுக்கப்போட வேண்டியிருக்கும் என்றாள். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் சிஸ்டரிடம் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டேன். "வந்தீங்கன்னா தெரியும்" என்றார்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்தும் பிள்ளையைப் பார்க்கப் போகவில்லை. இருமல் சுத்தமாக நிற்கட்டும் என்று கருப்பையா அண்ணன் மாடியிலேயே இருந்துகொண்டு பந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா மறுபடி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, இனி உங்களால் யாருக்கும் எதுவும் பரவாது, போய்ப் பாருங்கள் என்று சொன்ன அன்று தையும் பிறந்திருந்தது. வாசலில் நான் வைத்த டிரம்மிலேயே முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினேன். மாஸ்க் போட்டேன். அப்படியும் அறை வாசலோடு நின்றுகொண்டேன்.

"உள்ள வாண்ணே, உன் பிள்ளைதானே" என்றாள் செல்வி.

ஒரு எட்டு வைத்தேன். துணிச்சுருளுக்குள் மூக்கும் முழியுமாக ஒரு முகம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூக்கு சுருங்கியது, வாய் திறந்தது, தும்மியது. குருவி இருமினது மாதிரி ஒரு சத்தம்.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். அம்மா என்னைப் பார்த்தாள், தனம் என்னைப் பார்த்தாள். நான் பின்னாலேயே நடந்து முற்றத்துக்கே போய்விட்டேன். செல்வி உள்ளே இருந்து சிரிக்கிறாள். பிறந்த பிள்ளைகள் மூக்கைச் சுத்தம் பண்ணத் தும்மும், சளியெல்லாம் இல்லை, டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார், நீ இல்லாத நாளெல்லாம் இவள் இப்படித்தான் தும்மிக்கொண்டிருக்கிறாள் என்றாள். திரும்பி வாசலுக்கு வந்தேன். அம்மா இன்னும் வாய் திறக்கவில்லை. ஒரு மாசமாக அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்து அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"நூறு" என்றேன் நான்.

பிள்ளை மறுபடியும் தும்மியது. "இருநூறு" என்று அம்மாவும் தனமும் சேர்ந்து சொன்னார்கள். மூன்றாவதாகவும் ஒன்று வந்தது. யாரும் போதும் என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"ஏத்தா, மொத ட்ரிப்புலயே இம்புட்டுப் பெரிய நோட்டா நீட்டுனா, மாமன் சில்லறைக்கு எங்க போவேன்?"

மாஸ்க்குக்குள் கண்ணீர் இறங்கி உதட்டில் உப்புக் கரித்தது. துடைக்கக் கையைத் தூக்கியவன், பிள்ளை இருக்கிற இடம் என்று அப்படியே விட்டுவிட்டேன்.